1959 சென்னை ஆய்வு சொன்னது ஒன்று, நாம் காதில் வாங்கியது வேறொன்றா? (காசநோய், மாத்திரை, சாப்பாடு)

செவ்வந்தி:

போன வருஷம் என் தங்கைக்குக் காசநோய் என்று தெரிந்தது. ஆறு மாதம் மாத்திரையை விடாமல் சாப்பிட்டு, சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்து, இப்போது பழையபடி வேலைக்குப் போகிறாள். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த ஆறு மாதத்தில் "மாத்திரை போட்டாச்சா" என்று கேட்டு வந்த போன்களுக்குக் கணக்கே கிடையாது. "என்ன சாப்பிட்டே" என்று கேட்டவர் ஒரே ஒருவர், அதுவும் ஒரே தடவை. மாத்திரை தொடங்கிய அன்று அவள் எடை 36 கிலோ. அட்டையில் எழுதினார்கள். நாளுக்கு எத்தனை மாத்திரை என்று முடிவு செய்ய அந்த எடை வேண்டியிருந்தது, அதோடு சரி.

அப்போதிலிருந்து இந்த நோயின் பழைய கதையைத் தேடித் தேடிப் படிக்கிறேன். படிக்கப் படிக்கத் திரும்பத் திரும்ப நம்ம சென்னைச் சேத்துப்பட்டுக்கே வந்து நிற்கிறது. 1956ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் சேர்ந்து அங்கே ஒரு மையத்தைத் தொடங்கின. முதல் இயக்குநர் வாலஸ் ஃபாக்ஸ். எடுத்துக்கொண்ட கேள்வி நேரானது. நாட்டில் நோயாளிகள் லட்சக்கணக்கில், சானடோரியம் (காசநோயாளிகளை மாதக்கணக்கில் தங்கவைத்துப் பார்க்கும் ஆஸ்பத்திரி) படுக்கைகளோ அதில் ஒரு சிறு பங்குக்குத்தான் போதும். ஐசோனியாசிட் வந்து நாலு வருஷம்தான் ஆகியிருந்தது. இந்தப் புது மருந்தைக் கொடுத்து ஆளை வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்த முடியுமா?

193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். எல்லோரும் ஏழைகள். ஒரு பாதி சானடோரியத்துக்குப் போனது. இன்னொரு பாதி, காற்றோட்டமில்லாத நெருக்கடியான தன் வீட்டிலேயே இருந்தது. இரண்டு பாதிக்கும் அதே மருந்துகள், ஒரு வருஷம். 1959ல் முடிவு வெளிவந்தது. வீட்டில் இருந்தவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களுக்குக் கிட்டத்தட்ட சமமாகவே குணமானார்கள். ஐந்து வருஷம் கழித்துப் பார்த்தபோதும் இரண்டு பக்கமும் பத்துக்கு ஒன்பது பேர் நோய் அடங்கி இருந்தார்கள். வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தாருக்கும் கூடுதலாக நோய் வந்துவிடவில்லை.

இதுவரை எல்லோரும் சொல்வதுதான். நான் கேட்க வந்தது இதற்கு அடுத்த படி. அதே ஆய்வில் யார் என்ன சாப்பிட்டார்கள் என்றும் கணக்கெடுத்திருக்கிறார்கள். வீட்டில் இருந்தவர்கள் சாப்பிட்டது எல்லா வகையிலும் குறைவு, சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு எடையும் நன்றாக ஏறியிருக்கிறது. அப்படியிருந்தும் சளியில் கிருமி மறைவதில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே நல்ல மருந்து இருந்தால் உணவு ஒரு முக்கியக் காரணி இல்லை என்று 1961ல் தனிக் கட்டுரையே எழுதினார்கள். அந்த ஒரு வரிதான் அறுபது வருஷமாக நம் ஆஸ்பத்திரிகளில் நடமாடிக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. என் தங்கையிடம் யாரும் சாப்பாட்டைப் பற்றிக் கேட்காததற்கு வேர் அங்கேதான் இருக்கிறதா?

பழையஏடு:

அம்மா, உங்கள் கேள்வி நியாயமானது. ஆனால் அந்த ஆய்வின் அருமையைக் கொஞ்சமும் குறைத்துவிட வேண்டாம் என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன். அதற்கு முன்னால் காசநோய்க்கு வைத்தியம் என்றால் என்ன தெரியுமா? மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில் படுத்தே கிடப்பது. விலா எலும்புகளுக்கு நடுவே ஊசி விட்டுக் காற்றை ஏற்றி நுரையீரலைச் சுருங்க வைப்பார்கள், அது ஓய்வெடுத்தால் புண் ஆறும் என்ற நம்பிக்கையில். அந்தக் காற்று உள்ளே கரைந்துபோகும், மறுபடி ஏற்ற வேண்டும். அதுவும் பலிக்காவிட்டால் விலா எலும்புகளையே வெட்டி எடுத்து மார்பின் ஒரு பக்கத்தை உட்குழிய வைத்துவிடுவார்கள்.

தாம்பரம் சானடோரியம் 1928ல் டாக்டர் சௌரி முத்து தொடங்கியது. இன்றைக்கும் மின்சார ரயிலில் போகிறவர்கள் "சானடோரியம்" என்று ஸ்டேஷன் பெயரைச் சொல்லி இறங்குகிறார்கள். நம் ஜனங்கள் அந்தப் பெயரைக் கேட்டு நடுங்கிய காலம் உண்டு. என் பெரியம்மா ஒன்றரை வருஷம் ஒரு சானடோரியத்தில் இருந்தார். வீட்டில் அவருக்கென்று ஒரு பித்தளை டம்ளர், அடியில் ஆணியால் ஒரு கோடு கீறியிருக்கும். திரும்பி வந்து இருபது வருஷம் ஆன பிறகும் அந்த டம்ளரில்தான் அவருக்குக் காப்பி. அப்படிப்பட்ட ஊரில் ஒரு ஆய்வு வந்து, நோயாளியை வீட்டிலிருந்து பிரிக்க வேண்டாம், பிள்ளைகளை விட்டு விலக்க வேண்டாம், மருந்து உள்ளே போனால் போதும் என்று நிரூபித்தது. உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு அந்த முடிவு ஒரு பெரிய காரணம்.

குடும்பத்தாருக்கு ஏன் கூடுதலாக வரவில்லை என்பதற்கும் விளக்கம் உண்டு. இருமல் தொடங்கி, நோய் என்று கண்டுபிடிக்கும் வரை ஓடும் மாதங்களில்தான் வீட்டில் பெரும்பாலும் தொற்றுகிறது. மருந்து தொடங்கியதும் பரவுவது வேகமாகக் குறைந்துவிடும். பிறகு ஆளைப் பிரித்து வைத்து என்ன பயன்? இது தெரிந்திருந்தும் இன்னமும் டம்ளரைத் தனியாக வைக்கும் வீடுகள் இருக்கின்றன. 1959ல் கிடைத்த அந்தப் பாதிப் பாடமே இன்னும் வீடுகளுக்குள் போய்ச் சேரவில்லை.

மலைக்கோட்டை மருத்துவர்:

நான் நெஞ்சக நோய்ப் பிரிவில் வேலை பார்க்கிறேன். செவ்வந்தி எழுதியதில் ஒரு பகுதியை ஏற்கிறேன், ஒரு பகுதியை ஏற்கவில்லை.

கிருமியைக் கொல்வது மருந்து. இதில் இரண்டாம் பேச்சுக்கு இடமில்லை. சிகிச்சையில் இருக்கும் நோயாளிக்குக் கூடுதல் உணவு கொடுத்தால் குணமாகும் வாய்ப்பு கூடுமா என்று பல ஆய்வுகளைச் சேர்த்து அலசியிருக்கிறார்கள், உறுதியாகச் சொல்லும் அளவுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஆகவே 1961ல் அவர்கள் எழுதியது பொய்யில்லை. அவர்கள் பார்த்தது சளியையும் எக்ஸ்ரேயையும். அதற்கு அவர்கள் சொன்ன பதில் இன்றைக்கும் நிற்கிறது. உணவு, உணவு என்று அழுத்திச் சொன்னால் மாத்திரையை விட்டுவிட்டு ஆட்டுக்கால் சூப்பை நம்பும் ஆட்களை நான் தினமும் பார்க்கிறேன். மூன்றாம் மாதம் எடை ஏறிவிட்டது, இருமல் நின்றுவிட்டது என்று மருந்தை நிறுத்திவிட்டு, எட்டு மாதம் கழித்து மருந்துக்கு அடங்காத கிருமியோடு வருகிறார்கள். அதுதான் என் பயம்.

மாத்திரையை ஒருவர் பார்த்துக் கொடுப்பது, போன் போட்டுக் கேட்பது எல்லாம் தொல்லையாகத் தெரியலாம், அதற்கும் வரலாறு இருக்கிறது. 1948ல் பிரிட்டனில் ஸ்ட்ரெப்டோமைசின் என்ற காசநோய் மருந்தின் ஆய்வு வெளிவந்தது. 107 நோயாளிகள், 55 பேருக்கு மருந்து, 52 பேருக்குப் படுக்கை ஓய்வு மட்டும். ஆறு மாதத்தில் மருந்து எடுத்தவர்களில் 4 பேர் இறந்தார்கள், எடுக்காதவர்களில் 14 பேர். அதிசயம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஐந்து வருஷம் கழித்துப் பார்த்தால் மருந்து எடுத்தவர்களில் 32 பேரும் எடுக்காதவர்களில் 35 பேரும் இறந்திருந்தார்கள். ஒற்றை மருந்துக்குக் கிருமி பழகிக்கொண்டுவிட்டது. கூட்டு மருந்து, இடைவிடாமல், முழு காலமும் என்ற விதி அந்த மரணங்களிலிருந்து வந்தது. அதை மறக்கக் கூடாது.

செவ்வந்தி:

டாக்டர், 1948 எண்களைப் படித்துவிட்டு கொஞ்ச நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. நன்றி. மாத்திரையின் மேல் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை, என் தங்கை உயிரோடு இருப்பதே அதனால்தான்.

ஆனால் நீங்களே சொல்கிறீர்கள், அவர்கள் பார்த்தது சளியையும் எக்ஸ்ரேயையும் என்று. நான் பிடித்துக்கொள்வது அதைத்தான். மருந்து உள்ளே போகும் ஒருவரின் கிருமியை அழிக்கக் கூடுதல் சாப்பாடு வேண்டுமா என்று கேட்டார்கள், வேண்டாம் என்று பதில் வந்தது. அந்த ஆள் முதல் இரண்டு மாதத்தைத் தாண்டுவாரா என்பது வேறு கேள்வி. அவர் வீட்டில் கூடச் சாப்பிடும் மனைவிக்கும் பிள்ளைக்கும் அடுத்த வருஷம் நோய் வருமா என்பது இன்னொரு கேள்வி. 193 பேரை வைத்து இந்த இரண்டையும் அளக்க முடியாது, அவர்கள் அளக்கவும் முயலவில்லை. ஒரு கேள்விக்கான பதிலை எடுத்து மூன்று கேள்விக்கும் சேர்த்து ஒட்டிவிட்டோம் என்பதுதான் என் வருத்தம்.

இன்னொன்றும் படித்தேன். சென்னை ஆய்வுக்கு முப்பத்தெட்டு வருஷம் முன்னால், 1918ல், இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பக்கம் பாப்வொர்த் என்ற இடத்தில் பெண்ட்ரில் வாரியர் ஜோன்ஸ் என்ற டாக்டர் காசநோயாளிகளுக்கென்று ஒரு குடியிருப்பே தொடங்கினார். நோயாளிக்கு அவர் உடம்பு தாங்கும் அளவுக்கு வேலை, அதற்குக் கூலி, குடும்பத்தோடு தங்க வீடு, வயிறார நல்ல சாப்பாடு. மருந்து என்று ஒன்று கிடையாது, ஸ்ட்ரெப்டோமைசின் வர இன்னும் கால் நூற்றாண்டு இருந்தது. அப்பனோ அம்மாவோ காசநோயாளி, ஒரே வீடு. அந்தக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்த குழந்தைகளுக்குக் கிருமி தொற்றியது உண்மை, ஆனால் அது நோயாக முற்றியது மிக அரிது. மருந்துகள் வந்ததும் பாப்வொர்த் பழங்கதை ஆகிவிட்டது.

தமிழ்நிலவன்:

இழையைப் பாதியில்தான் பார்த்தேன். சௌரி முத்து பெயரைப் பார்த்ததும் ஒன்று சொல்லத் தோன்றியது. இங்கிலாந்தில் மெண்டிப் மலையில் இருந்த சானடோரியத்தை அவர்தான் நடத்தினார், கணிதமேதை ராமானுஜன் 1917ல் அங்கே இருந்திருக்கிறார். ராமானுஜனுக்குக் காசநோய் என்றுதான் அன்றைக்கு வைத்தியம் பார்த்தார்கள். பிற்காலத்தில் அவர் நோய்க்குறிப்புகளை அலசியவர்கள், அமீபாவால் வந்த கல்லீரல் நோயாக இருந்திருக்கலாம் என்று எழுதினார்கள். சைவச் சாப்பாட்டுக்கு முதல் உலகப் போர்க் காலத்து இங்கிலாந்தில் அவர் பட்ட பாட்டை நினைத்தால் செவ்வந்தி அக்கா கேட்கும் கேள்வி அவருக்கும் பொருந்தும்.

பழையஏடு:

தம்பி சொன்னது சரி. ஆனால் ராமானுஜனை விட்டு நம் விஷயத்துக்கு வருவோம்.

பாப்வொர்த் என்றதும் ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். தாமஸ் மெக்கியூன் என்ற பிரிட்டிஷ் மருத்துவர், இங்கிலாந்தில் காசநோய் மரணங்கள் மருந்துகள் வருவதற்கு நூறு வருஷம் முன்பிருந்தே இறங்கத் தொடங்கிவிட்டன, அதற்குப் பெரிய காரணம் மக்கள் நன்றாகச் சாப்பிடத் தொடங்கியதுதான் என்று வாதாடினார். இறங்கியது உண்மை, ஆவணங்கள் இருக்கின்றன. காரணம் சாப்பாடு மட்டும்தானா என்பதில்தான் சண்டை. சைமன் ஸ்ரெட்டர் 1988ல், நகராட்சிகள் செய்த குடிநீர், சாக்கடை, வீட்டு வசதி வேலைகளை மெக்கியூன் கணக்கில் எடுக்கவில்லை என்று மறுத்து எழுதினார். எனக்கு ஸ்ரெட்டர் பக்கம்தான் மனம் சாய்கிறது. ஆகவே பழங்கதையில் நமக்குப் பிடித்த ஒரு துண்டை மட்டும் எடுத்துக்கொண்டு இன்றைக்கு ஒட்டினால், 1961ல் நடந்த அதே தப்பை எதிர்ப்பக்கமாக நாம் செய்வோம்.

செவ்வந்தி:

ஏற்றுக்கொள்கிறேன் ஐயா. அதனால்தான் பழங்கதையோடு நிற்காமல் சமீபத்தில் சோதித்துப் பார்த்ததற்கு வருகிறேன். ஜார்க்கண்டில் 2019 முதல் ராஷன்ஸ் என்று ஒரு ஆய்வு நடந்தது. சிகிச்சையில் இருக்கும் 2,800 நோயாளிகள், அவர்கள் வீடுகளில் கூட இருப்பவர்கள் 10,345 பேர். நோயாளிகள் எல்லோருக்கும் மாதம் 10 கிலோ உணவுப் பை. வீட்டில் உள்ளவர்களில் ஒரு பாதிக்கு மட்டும் ஆளுக்கு 5 கிலோ அரிசி, ஒன்றரை கிலோ பருப்பு. 2023 ஆகஸ்டில் முடிவு வந்தது. அரிசியும் பருப்பும் போன வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைவு. நோயாளிகளில் முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் ஏறியவர்களுக்கு மரண ஆபத்து 61 சதவீதம் குறைவு.

அந்த ஆய்வில் பங்கெடுத்த நிறுவனங்களில் ஒன்று எது தெரியுமா? 1956ல் தொடங்கிய அதே சேத்துப்பட்டு மையம்தான், இப்போது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்று பெயர். விட்டுப்போன கேள்வியை அறுபது வருஷம் கழித்து அதே வீட்டு ஆட்களே எடுத்துக் கேட்டிருக்கிறார்கள். இதைப் படித்த அன்று எனக்கு உண்மையிலேயே கண் கலங்கியது.

கருவேலங்காடு:

வணக்கம். நான் ஒரு மாவட்டத்தில் டிபி பிரிவில் களப்பணியாளர். இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இப்போது எழுதியே ஆக வேண்டும் போல் இருக்கிறது.

பழைய கால ஹெல்த் விசிட்டர் ஒருவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தது. அந்த நாளில் ஐசோனியாசிடோடு பாஸ் என்று ஒரு மருந்து, நாளுக்குப் பல கிராம், வயிற்றைப் புரட்டும், வாந்தி வரும். ஒரு வருஷம் அதை விழுங்க வேண்டும். நோயாளி விழுங்குகிறாரா, கொல்லையில் கொட்டுகிறாரா என்று பார்க்க, சொல்லாமல் வீட்டுக்குப் போய் மீதி மருந்தை எண்ணுவார்கள், சிறுநீரை வாங்கி ரசாயனம் விட்டு நிறம் மாறுகிறதா என்று பார்ப்பார்கள். கண் முன்னால் விழுங்கவைக்கும் முறை சென்னையில் அப்படித்தான் வளர்ந்தது, பிறகு டாட்ஸ் என்ற பெயரில் உலகம் முழுக்கப் போனது. நாங்கள் இன்றைக்கு ஆப்பில் டிக் போடுவது அதன் பேரப்பிள்ளை.

எண்ணுவதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் மருத்துவர் ஐயா, எண்ணுவதற்கு மாத்திரை இருக்க வேண்டும். 2024 தொடக்கத்தில் நாடு முழுக்கத் தட்டுப்பாடு வந்ததே, உள்ளூரிலேயே வாங்கிக்கொள்ளச் சொல்லி மாநிலங்களுக்குக் கடிதம் வந்ததே, அந்த வாரங்களில் "ஒரு நாள் கூட விடக்கூடாது" என்று நாங்களே மிரட்டி வைத்திருந்த ஆட்கள் எங்களைப் பார்த்த பார்வை எனக்குத்தான் தெரியும். நோயாளி விட்டால் ஒழுக்கக்கேடு, நாம் விட்டால் விநியோகச் சிக்கலா?

சாப்பாட்டுக்கு வருகிறேன். சத்துணவுக்கென்று அரசு 2018 ஏப்ரலில் இருந்து நோயாளியின் வங்கிக் கணக்கில் மாதம் 500 ரூபாய் போட்டது, 2024 நவம்பரில் இருந்து 1,000. பணம் நல்லதுதான், பிந்தி வந்தாலும். ஆனால் தமிழ்நாட்டில் 2022ல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம்தான் என் வேலையையே மாற்றியது. நோய் என்று தெரிந்ததுமே ஐந்து விஷயம் பார்க்கிறோம். உயரமும் எடையும் எடுத்து பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடை இருக்கிறதா என்ற கணக்கு), கால் வீக்கம், மூச்சு நிமிஷத்துக்கு எத்தனை, விரலில் மாட்டி ஆக்சிஜன், பிடிக்காமல் எழுந்து நிற்க முடிகிறதா. பிஎம்ஐ 14 அல்லது அதற்கும் கீழே இருந்தால் வீட்டுக்கு அனுப்புவதில்லை, ஆஸ்பத்திரியில் சேர்க்கிறோம்.

இதைச் செய்ய ஒரு டிகிரியும் வேண்டாம். ஆனால் முதல் முறை செய்தபோது நடந்ததைச் சொல்கிறேன். ஒரு கட்டடத் தொழிலாளி, நடந்தே வந்தார், நன்றாகப் பேசினார். நாற்காலியை விட்டுக் கையூன்றாமல் எழச் சொன்னேன். இரண்டு முறை முயன்றார், மூன்றாம் முறை என் தோளைப் பிடித்துக்கொண்டார். முந்தின வருஷமாக இருந்தால் மாத்திரை டப்பாவைக் கையில் கொடுத்து, எப்போது வர வேண்டும் என்று தேதி சொல்லி அனுப்பியிருப்பேன். இந்தத் தடவை சேர்த்தோம். முதலில் கஞ்சி, அப்புறம் முட்டை, கொஞ்சம் கொஞ்சமாக. பிழைத்துக்கொண்டார்.

மலைக்கோட்டை மருத்துவர்:

கருவேலங்காடு எழுதியதைப் படித்தேன். தட்டுப்பாடு விஷயத்தில் உங்கள் கோபம் என் கோபமும்தான், அதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

செவ்வந்தி, வீட்டு ஆட்களுக்குச் சாப்பாடு என்ற பகுதியில் நான் என் நிலையை மாற்றிக்கொள்கிறேன். நோயாளியின் உணவு பற்றித்தான் ஆதாரம் போதாது என்றேன், கூட இருப்பவர்களைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை, எங்கள் படிப்பிலும் அது அப்படித்தான் வந்தது. மரண ஆபத்துக் கணக்கில் மட்டும் ஒரு சந்தேகம் பாக்கி இருக்கிறது. எடை ஏறியதால் பிழைத்தார்களா, பிழைக்கப் போகிறவர்களுக்கு எடை ஏறியதா என்று அந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, நோயாளிகள் எல்லோருக்குமே பை கொடுத்தார்களே. ஆனால் எடை ஏறாதவரை முதல் மாதத்திலேயே கவனிக்க வேண்டும் என்பதற்கு அந்தச் சந்தேகம் தடை இல்லை. நாளை முதல் என் வார்டில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை எடை பார்த்து, ஏறாதவர் பெயரைத் தனியாக எழுதப் போகிறேன்.

ஒரு கேள்வி: உங்கள் தங்கை வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்களா? அவர்களைப் பரிசோதித்தார்களா?

செவ்வந்தி:

இரண்டு பேர் டாக்டர், ஏழு வயசும் நான்கு வயசும். இருமல் இருக்கிறதா என்று அன்றைக்கு வாய்மொழியாகக் கேட்டார்கள், இல்லை என்றோம். தடுப்பு மாத்திரை பற்றி யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

நேற்று ராத்திரி தங்கையின் சிகிச்சை அட்டையை எடுத்துப் பார்த்தேன். மாதாமாதம் எடுத்த எடை: 36, 36, 38, 41, 43, 44. இரண்டாம் மாதம் ஏறவே இல்லை. மூன்றாம் மாதம் அம்மா ஊரிலிருந்து வந்து தங்கி, காலையில் இரண்டு முட்டை, மத்தியானம் கட்டாயம் பருப்பு, ராத்திரி பால் என்று உட்கார்ந்து ஊட்டாத குறையாகப் பார்த்துக்கொண்டார். அட்டையில் அதற்கென்று கட்டம் எதுவும் இல்லை.

பிள்ளைகள் இரண்டு பேரின் எடையை இன்று காலை பார்த்தோம். பெரியவன் 17 கிலோ, வயசுக்குக் குறைவு என்றார் பக்கத்து அங்கன்வாடி அக்கா. திங்கட்கிழமை இருவரையும் கூட்டிக்கொண்டு போகிறோம்.

கருவேலங்காடு:

அட்டையையும் எடுத்துப் போங்கள் அக்கா. வீட்டில் டிபி இருந்தது என்று கவுண்டரிலேயே சொல்லிவிடுங்கள், அவர்களாகக் கேட்கும் வரை காத்திருக்க வேண்டாம். பரிசோதித்து நோய் இல்லை என்று தெரிந்த பிறகுதான் தடுப்பு மாத்திரை தொடங்குவார்கள், அதனால் காலையிலேயே போய்விடுங்கள். சின்னவளை வெறும் வயிற்றோடு மட்டும் கூட்டிப் போகாதீர்கள், வரிசை நீளமாக இருக்கும்.